நிலத்தின் பொறை கேட்போர் மலையின் நிலைபேற்றைத் தருக!

நல்லாசிரியர்க்கு நான்கு உவமை கூறினார் நன்னூல் யாத்த பவணந்தியார். நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. நிலத்தைப் போன்ற பொறை. மலையைப் போன்ற அசைக்கவியலா நிலைபேறு. நிறைகோலைப் போன்ற நடுநிலை. மலரைப் போல் உரிய பொழுதில் முகமலர்ச்சி. இந்நான்கும் ஒருங்கே வாய்த்தவரையே ஆசிரியர் எனப் போற்றியது தமிழ்மரபு. இன்றைய தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளுள் மிகப் பல, தம் ஆசிரியரிடமிருந்து இவற்றுள் ஒன்றை மட்டும் ஓயாது கறந்துகொள்கின்றன. அது நிலத்தின் பொறை. மற்றை மூன்றும் அவரிடம் வேர்கொள்வதற்கு வேண்டிய வாழ்வை மட்டும் தர மறுக்கின்றன.

அப்பொறை எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற ஒருவர் பணியில் சேரும் நாளிலேயே, பல பள்ளிகளில், அவருடைய மூலச் சான்றிதழ்கள் வாங்கிப் பூட்டி வைக்கப்பெறுகின்றன. பணியாணை அவர் கைக்கு வருவதில்லை. பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையொப்பமிடுகிறார். கையில் பெறுவது வேறொரு தொகை. கோடை விடுமுறைக்கு ஊதியமில்லை. ஆனால், அதே கோடையின் கொளுத்தும் வெயிலில், வீடு வீடாகச் சென்று பள்ளிக்குப் பிள்ளை சேர்க்கும் வேலை மட்டும் உண்டு. காலையில் பள்ளி வண்டியில் காவல், பகலெல்லாம் இடைவிடாத வகுப்பு, மாலையில் தனிப்பயிற்சி, இரவில் விடைத்தாள் திருத்தம். கட்டணம் கட்டாத பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டும் தண்டல்காரர் வேலையும் அவர் தலையிலேயே விழுகின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், ஆசிரியரின் வேலைநேரத்தைக் கிழமைக்கு 45 மணி எனக் குறித்தபோது, பாடத்திற்கான முன்னேற்பாட்டு நேரத்தையும் அதனுள் சேர்த்தே கணக்கிட்டது. இரவில் விளக்கடியில் அவர் செலவிடும் நேரத்தை எந்தப் பள்ளி கணக்கில் கொள்கின்றது?

எல்லாப் பள்ளிகளும் இத்தகையனவே என்று நாம் பழி கூறவில்லை. முறையான ஊதியமும் மதிப்பும் தந்து ஆசிரியரைப் பேணும் பள்ளிகளும் உள. அவை விலக்காக நிற்கின்றனவே, விதியாக நிற்கவில்லையே என்பதே நம் வருத்தம்.

இனி, மலையின் நிலைபேற்றைப் பார்ப்போம். கோவாவில் தனியார் பள்ளியொன்றின் ஆசிரியை, தம்மைப் பணியினின்று நீக்கியதை எதிர்த்து வழக்காடினார். 1947ஆம் ஆண்டின் தொழிற்பூசல் சட்டம் தமக்குக் காப்பாக வரும் என நம்பினார். 1988இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி அச்சட்டத்தின்படி ஒரு தொழிலகமே என்று ஒப்பிய அம்மன்றம், அங்குக் கற்பிக்கும் ஆசிரியர் மட்டும் தொழிலாளர் ஆகார் என்றது. கற்பித்தல் உயர்ந்த பணியாம். அதனை மற்றை வேலைகளோடு ஒன்றாக எண்ணலாகாதாம்! எனவே, அதே பள்ளியில் கணக்கெழுதும் எழுத்தர்க்கு எட்டிய சட்டக் காப்பு, ஆசிரியர்க்கு எட்டவில்லை. ஆசிரியர் தம் உரிமையைப் பெறத் தக்கதோர் அமைப்பைச் சட்டத்தால் ஏற்படுத்த வேண்டும் என்றும் அத்தீர்ப்புச் சுட்டியது. புகழுரை உடனே நடப்பிற்கு வந்தது; அறிவுரையோ ஏட்டோடு நின்றது. உயரத்தில் ஏற்றி வைத்து, ஏணியை எடுத்துக்கொண்ட கதை இது!

பணிக்கொடையின் வரலாறும் இதுவே. ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்து விலகுவோர்க்கு, ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் என்னும் கணக்கில் கொடை வழங்க 1972இல் சட்டம் வந்தது. 1997இல் அது கல்வி நிறுவனங்களுக்கும் விரிக்கப்பெற்றது. ஆனால், 2004இல் உச்ச முறைமன்றம், அச்சட்டத்தின் சொற்களுக்குள் ஆசிரியர் அடங்கார் என்றது. 2009இல் நாடாளுமன்றம் அக்குறையைத் திருத்தி, 1997ஆம் ஆண்டு முதலே ஆசிரியர்க்கும் அவ்வுரிமை உண்டு என ஆக்கியது. அதன்பின்னும் தனியார் பள்ளியினர் விட்டார்களா? அத்திருத்தம் செல்லாது என வழக்காடினர். 2022ஆம் ஆண்டு ஆகத்து 29ஆம் நாளே அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஒருவர் தம் இளமையை ஈந்து உழைத்ததற்கான எளிய கொடை உறுதியாவதற்கு 25 ஆண்டுகள்! அவ்விடைவெளியில் வெறுங்கையோடு வீடு திரும்பிய முதிய ஆசிரியர் எத்தனை பேர்?

“கட்டணத்தைக் கூட்டினால் பெற்றோர் பொறார், கூட்டாவிடின் ஊதியத்திற்கு வழியில்லை, கல்வியுரிமைச் சட்டத்தின்கீழ்ச் சேர்த்த பிள்ளைகளுக்கு அரசு தரவேண்டிய தொகையும் காலந்தாழ்ந்து வருகின்றது” என்பர் பள்ளி நடத்துவோர். சிற்றூர்களில் சிறிய அளவில் நடக்கும் பள்ளிகளின் இடர்ப்பாடு உண்மையே. அதனை மறுப்பது அறமாகாது. ஆயினும், ஆண்டுதோறும் புதுக் கட்டடமும் புதுப் பேருந்தும் விளம்பரப் பலகையும் காணும் பள்ளிகள் இதே சொல்லைச் சொல்லும்போது நாம் எங்ஙனம் நம்புவது? பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்தை வரையறுக்க 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் முறைமன்ற நடுவரைத் தலைவராகக் கொண்ட குழுவும் அமைந்தது. கட்டணத்திற்குக் குழு உண்டு. அக்கட்டணத்தால் வாழவேண்டிய ஆசிரியரின் ஊதியத்தை வரையறுக்க அத்தகையதொரு குழு ஏன் அமைக்கப்படவில்லை?

செய்ய இயலாத ஒன்றையா நாம் கேட்கின்றோம்? தில்லிப் பள்ளிக்கல்விச் சட்டம் 1973லேயே இயற்றப்பெற்றது. ஏற்பிசைவு பெற்ற தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியம், அரசுசார் பள்ளிகளில் அதே நிலையில் உள்ளார் பெறும் ஊதியத்திற்குக் குறையலாகாது என அதன் 10ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. அங்கும் அது தானாகக் கிட்டிவிடவில்லை. வழக்காடிப் பெறுவோர் பலர். ஆனால், வழக்காடுவதற்கு அவர்கள் கையில் ஒரு சட்டவிதியாவது இருக்கின்றது. சமச்சீர்க் கல்விக்கு 2010இல் சட்டம் கண்ட தமிழ்நாடு, சமச்சீர் ஊதியத்தை எண்ணிப் பார்க்கலாகாதா?

நிறைகோலும் மலரும் என்னாயின? நாளை தமக்கு வேலை இருக்குமா என அஞ்சுபவரின் கையில் நிறைகோல் நேராக நிற்குமா? பள்ளித் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி மதிப்பெண்ணைத் திருத்தச் சொன்னால், மறுக்கும் துணிவு அவர்க்கு எங்கிருந்து வரும்? வீட்டு வாடகைக்குக் கடன் கேட்டு வந்தவர், முதல் வகுப்பிலேயே மலர்ந்த முகத்தோடு பாட்டுச் சொல்லித்தர இயலுமா? 2020இல் மகுடை என்னும் கொரோனா நோய் பரவிப் பள்ளிகள் மூடியபோது, ஊதியம் பாதியாகவும் இல்லாமலும் போன ஆசிரியர்கள் கட்டட வேலைக்கும் கடைவேலைக்கும் சென்றனர். எந்த வேலையும் இழிவன்று. ஆனால், நேற்றுவரை தம் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் எங்கே போனார் என்று கேட்கவும் ஆளின்றிப் போயிற்றே, அதுதான் இழிவு!

தமிழுக்கும் இதனோடு தொடர்புண்டு. 2006இல் தமிழ் கற்பித்தல் சட்டம் வந்தது. 2006-07ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக உயர்ந்து, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சட்டத்தால் தமிழ் வகுப்பறைக்குள் வந்தது. ஆனால், பதின்மப் பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியர்தாம் வகுப்பைக் கடந்து வெளியே வந்தவுடன் பிள்ளைகளோடு தமிழில் பேச அஞ்சுகிறார். தமிழ் பேசிய பிள்ளையைக் கண்டிக்குமாறு அவர்க்கே ஆணை வருகின்றது. நிலையான பணி உடையவராயின், “இதனைச் செய்யேன்” என்று அவர் சொல்லியிருப்பார். வயிற்றைப் பிணித்தவன் நாவையும் பிணிக்கின்றான்.

ஆசிரியராகாதார்க்கு அந்நன்னூலே கூறும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீரூற்றி வளர்க்க, வளைந்து சென்று அயலார் மனையில் காயுதிர்க்கும் தென்னை அது. இன்று அவ்வுவமை பள்ளிக்கே பொருந்துகின்றது. நீரூற்றுவார் ஆசிரியர், காய் பொறுக்குவார் வேறொருவர்.

எனவே, நாம் கேட்பன இவை: சேரும் நாளிலேயே எழுத்தில் பணியாணை, பன்னிரு திங்களுக்கும் வைப்பகத்தின் வழியே முழு ஊதியம், மூலச் சான்றிதழைப் பிடித்துவைப்பதற்குத் தண்டனை, 20 பேரோ மேற்பட்டோரோ பணியாற்றும் பள்ளிகளில் வருங்கால வைப்புத்தொகை தவறாது கட்டப்படுகின்றதா என ஆண்டுதோறும் ஆய்வு, பணிநீக்கத்தை எதிர்த்து விரைந்து முறையிட ஒரு நடுவம், தில்லியைப் போன்று ஊதியத்திற்குச் சட்டத்தால் ஒரு கீழ்வரம்பு.

ஆசிரியப் பெருமக்களே, தனித்தனியே புலம்புவதை விடுத்து ஒன்றுகூடுங்கள். பெறும் ஊதியத்திற்கும் இடும் கையொப்பத்திற்கும் சான்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுமுன், பள்ளியின் குளிரூட்டிய அறையைப் பார்ப்பதோடு நில்லாதீர். “எம் பிள்ளையின் ஆசிரியர்க்கு என்ன ஊதியம் தருகின்றீர்? இப்பள்ளியில் அவர் எத்தனை ஆண்டுகளாக உள்ளார்?” என்று கேளுங்கள். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் பள்ளியில் உங்கள் பிள்ளை கற்பது நிலையாமையை மட்டுமே.

குனிந்து நிற்பவரிடம் பாடம் கேட்ட தலைமுறை நிமிர்ந்து நிற்காது. நம் பிள்ளைகள் நிமிரவேண்டுமாயின், அவர்களுக்கு எழுத்தறிவிப்பவர் முதலில் நிமிரட்டும்!