புயலுக்கு எத்தனை கண்?

"சார், ஒரு புயலுக்கு ரெண்டு சென்டர் இருக்க முடியுமா?"

பதினோரு மணி டீக்கு நடுவில் பக்கத்து ஸீட் நண்பர் கேட்டார். கையில் செல்போன். அதில் ஏதோ ஓர் அட்லாண்டிக் ஹரிக்கேனின் சாட்டிலைட் படம் ஜிலேபி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. தேங்காய்க்கு மட்டும் ஏன் மூணு கண் என்று போன வாரம் கேட்டு, என் தூக்கத்தைக் கெடுத்தவரும் இவர்தான்.

"நம்ம செக்‌ஷனுக்கே ரெண்டு ஆபீஸர் இருக்காங்க. புயலுக்கு இருக்கக் கூடாதா?" என்றேன். சிரிக்கவில்லை. பதில் வேண்டுமாம்.

சட்டப்படி பதில், கூடாது. மயாமியில் இருக்கிற அமெரிக்க தேசிய ஹரிக்கேன் மையம் எழுதி வைத்திருக்கும் இலக்கணப்படி, தெளிவான ஒரே ஒரு மையத்தைச் சுற்றித் தரைமட்டக் காற்று முழு வட்டம் அடித்தால்தான் அது புயல் ஜாதியில் சேரும். இல்லாவிட்டால் வெறும் மேகக் கூட்டம்தான். பெயர்கூட வைக்க மாட்டார்கள்.

ஆனால் இலக்கணம் வேறு, நடைமுறை வேறு. புயல் கைக்குழந்தையாக இருக்கும்போது அதற்குள் நாலைந்து குட்டிச் சுழல்கள் நான்தான் தலைவன் என்று மோதிக்கொள்ளும். ஒன்று ஜெயிக்கும், மற்றவை கரைந்துவிடும். சில சமயம் ஜெயித்தவரே தோற்று, கொஞ்சம் தள்ளி இன்னொரு சுழல் நாற்காலியைப் பிடிக்கும். இதை மையம் மாறி அமைவது என்கிறார்கள். கேட்க சாதாரணமாக இருக்கிறது. 2020 செப்டம்பரில் 'சாலி' வந்தபோது லூசியானாக்காரர்கள் தங்கள் வாசலுக்குத்தான் வருகிறது என்று பலகை அடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மெக்ஸிகோ வளைகுடாவில் அதன் மையம் இடம் மாறி அமைந்தது. அப்புறம் நடந்து போகிறவன் வேகத்துக்கு ஊர்ந்தது. கடைசியில் கரையேறிய இடம் அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸ். மையம் எங்கே என்பது வெறும் புத்தகக் கேள்வி இல்லை சார். வீட்டை விட்டுக் கிளம்புவதா, இருப்பதா என்கிற கேள்வி.

இன்னொரு குழப்பம் உண்டு. மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று என்று திசை மாறி அடித்தால் புயல் சாய்ந்துவிடும். அப்போது தரையில் மையம் ஓரிடம், ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் மையம் வேறிடம். மேகம் மூடியிருக்கும் நடுப்பகுதியைப் பார்த்து இதுதான் மையம் என்று நாம் விரல் வைப்போம். உண்மையான தரை மையம் அம்மணமாக ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

"அப்ப ரெண்டு புயல் பக்கத்துல பக்கத்துல வந்தா?" என்றார் நண்பர், பஜ்ஜியைப் பிட்டபடி.

அதற்கும் ஆள் இருக்கிறார். ஃபுஜிவாரா என்ற ஜப்பானிய வானிலைக்காரர் 1921-லேயே எழுதிவிட்டார். இரண்டு சுழல்கள் நெருங்கினால் ஒன்றையொன்று சுற்ற ஆரம்பிக்கும். நமது பாதிக் கோளத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகள் முறைத்தபடி வளைய வருவது போல. 1995-ல் அட்லாண்டிக்கில் 'ஐரிஸ்', 'கேரன்' இரண்டும் இப்படி நெருங்கின. கேரனை ஐரிஸ் விழுங்கிவிட்டது. ஆனால் இவை இரண்டு தனிப் புயல்கள், இரண்டு தனி மையங்கள். ஒரு புயலுக்கு இரண்டு மையம் என்ற கணக்கில் வராது.

வலுத்த புயலில் நடக்கிற கூத்துதான் எனக்குப் பிடித்தது. கண்ணைச் சுற்றி மேகச் சுவர் இருக்கிறது அல்லவா? அதற்கு வெளியே இன்னொரு சுவர் எழும்பும். வெளிச்சுவர் உள்சுவருக்குப் போகவேண்டிய ஈரக்காற்றை இடையிலேயே மடக்கிவிடும். உள்சுவர் பட்டினியில் சாகும். 2005 அக்டோபரில் 'வில்மா'வின் கண் வெறும் நாலு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. மைய அழுத்தம் 882 மில்லிபார், அட்லாண்டிக்கில் அளந்ததிலேயே மிகக் குறைவு. அப்புறம் பெரிய சுவர் சின்னச் சுவரை ஓரங்கட்டி, கண்ணே அகன்றுவிட்டது. சுவர் இரண்டு, மையம் ஒன்றுதான். பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம்.

நண்பருக்குத் திருப்தியில்லை. "அப்ப ஒரே கண்ணுக்குள்ள நிறைய சுழல்?"

மாட்டினேன். உண்டு. 2003 செப்டம்பரில் 'இஸபெல்' கண்ணை சாட்டிலைட்டில் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். உள்ளே ஐந்து மூலையோடு நட்சத்திரம் மாதிரி ஒரு வடிவம். கண்ணின் ஓரத்தில் சுற்றிவந்த குட்டிச் சுழல்களின் வேலை. கண்ணுக்குள் காற்று அமைதி, சுவரில் பேய்க்காற்று. இரண்டும் உரசுகிற இடத்தில் இவை பிறக்கும்.

படத்தில் அழகாக இருக்கும். உள்ளே போனால்?

போயிருக்கிறார்கள். 1989 செப்டம்பர் 15. பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே 'ஹ்யூகோ'. நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் ஆராய்ச்சி விமானம் ஒன்று, நாலு எஞ்சின் கொண்ட ஓரியன், கடலுக்கு மேல் வெறும் 1,500 அடி உயரத்தில் சுவருக்குள் நுழைந்தது. புயல் அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிய ரௌடியாக இருந்தது. விஞ்ஞானிகள், பைலட்டுகள், கூடவே ஒரு பத்திரிகை நிருபர். கண்ணின் வாசலுக்கு வந்தபோது அந்தக் குட்டிச் சுழல்களில் ஒன்று பிடித்துக்கொண்டது. அலமாரிகள் பிய்ந்தன, சாமான்கள் பறந்தன. வலது இறக்கையில் ஒரு எஞ்சின் தீப்பிடித்தது. விமானம் 900 அடிக்கும் கீழே இறங்கியது. அடியில் கொதிக்கிற கடல்.

எப்படியோ கண்ணுக்குள் விழுந்தார்கள். அங்கே வெயில்! சுற்றிலும் வெள்ளைச் சுவர். மூன்று எஞ்சினோடு, எரிபொருளைக் கொட்டி எடையைக் குறைத்து, அந்தக் கிணற்றுக்குள்ளேயே வட்டமடித்து வட்டமடித்து மெல்ல உயரம் ஏறினார்கள். உள்ளே வந்த வழியே திரும்ப முடியாது. அந்த எஞ்சின் நிலைமைக்கு இன்னொரு முறை அந்தச் சுழலைச் சந்தித்தால் கதை முடிந்தது. மேலே பறந்துகொண்டிருந்த விமானப்படை விமானம் ஒன்று இவர்களுக்காகச் சுவரைக் குத்திக் குத்திப் பார்த்து, வடகிழக்கில் கொஞ்சம் மிருதுவான இடம் இருக்கிறது என்று சொன்னது. அதன் வழியே வெளியே வந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. அன்று பதிவான அளவுகளை வைத்து, அந்தக் குட்டிச் சுழலைப் பற்றிய விவரமான ஆய்வுக் கட்டுரை 2008-ல்தான் வந்தது. ஹ்யூகோ மட்டும் நிற்காமல் போய் ஒரு வாரத்தில் தென் கரோலினாவைத் துவம்சம் செய்தது.

அந்த விமானத்தில் இருந்த வானிலையாளர் ஜெஃப் மாஸ்டர்ஸ். அதன் பிறகு பறக்கும் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிஷிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் படிக்கப் போனார். 1995-ல் சகாக்களோடு ஒரு வானிலை கம்பெனி ஆரம்பித்தார்.

"என்ன பேர் சார்?"

"வெதர் அண்டர்கிரவுண்ட்."

நண்பர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பின்னே, வைக்க மாட்டாரா!" என்று மிச்ச பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு ஸீட்டுக்குப் போனார்.