அச்சைக் குறை சொல்லும் முன்

தொலைக்கட்டுப்பாட்டு மாதிரி வண்டிகளில் ஈடுபாடு கொண்டோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. வாங்கி வந்த வீல் லோடரின் பிளாஸ்டிக் அச்சுகளைக் கழற்றிவிட்டு உலோக அச்சுகளைப் பூட்டுவதே முதல் வேலை என்பது அந்நம்பிக்கை. விற்பவர் அதற்கு 'அப்கிரேடு' என்று பெயரிடுகிறார். வாங்குபவர் அந்தப் பெயரையே சான்றாகவும் ஏற்றுக்கொள்கிறார். எந்த வகையில் மேம்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். உருவம் சிறுத்தால் வலிமையும் எடையும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை என்பதைக் கலீலியோ 1638இல் வெளியான நூலிலேயே விளக்கிவிட்டார். 14இல் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியில் அச்சின் குறுக்குவெட்டுப் பரப்பு 196இல் ஒரு பங்காகிறது. எடையோ 2,744இல் ஒரு பங்காகிறது. 20 டன் லோடர் அதே விகிதத்தில் சுருங்கினால் ஏறத்தாழ 7.3 கிலோதான். அதாவது, தன் எடையால் மாதிரியின் அச்சில் எழும் தகைவு, மெய்யான எந்திரத்தில் எழுவதில் 14இல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் எஃகைவிட நலிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வண்டி தன் எடையைத் தாங்கமாட்டாமல்தான் அச்சை முறித்துக்கொள்கிறது என்னும் வாதம் இக்கணக்கின் முன் எளிதில் நிற்காது.

பின் எது முறிக்கிறது? பெரும்பாலும் முறுக்குவிசை. சக்கரம் கல்லில் சிக்கி நிற்கிறது. மோட்டார் விடாமல் திருகுகிறது. அதற்கு முன்பே உரிமையாளர் உலோக வாளியும் ஈயக் கட்டிகளும் பெரிய மோட்டாரும் சேர்த்திருப்பார். அச்சை உலோகமாக்கியதும் அந்த விசை மறைந்துவிடுவதில்லை. அடுத்த நலிந்த இடத்தைத் தேடிச் செல்கிறது. நேற்று முறிந்தது மலிவான அச்சு. நாளை பல்லுதிர்வது கியர்பெட்டி, கருகுவது மோட்டார். மலிவான உறுப்பு போய் விலையுயர்ந்த உறுப்பைக் காப்பது, வீட்டில் ஃபியூஸ் செய்யும் வேலை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவரை யாரும் பொறியாளர் என்று அழைப்பதில்லை.

மெய்யான எந்திரங்கள் இச்சிக்கலை எப்படித் தீர்க்கின்றன? நம் தெருக்களில் 'ஜேசிபி' என்ற ஒரே பெயரால் அறியப்படும் பேக்ஹோ லோடரைக் குனிந்து பார்த்தால் விடை தெரியும். அதன் முன் அச்சு நடுவிலுள்ள ஓர் ஊசியைப் பற்றி இருபுறமும் சாய்ந்தாடும். மேடுபள்ளத்திலும் நான்கு சக்கரங்களும் தரையைத் தொடுவது அதனால்தான். வீல் லோடர்களில் அதே வேலையைப் பின் அச்சு செய்கிறது. இவற்றின் சக்கரக் குடத்துக்குள் பிளானெட்டரி கியர் இருக்கும். முறுக்குவிசை இறுதிக் கட்டத்தில் அங்கே பெருகுவதால், இடையிலுள்ள தண்டு அத்தனை விசையையும் சுமக்க வேண்டியதில்லை. உறுதி உலோகத்திலிருந்து மட்டும் வருவதில்லை. விசையைப் பங்கிட்ட அமைப்பிலிருந்தும் வருகிறது.

மேம்பாடு என்று விற்கப்படும் அச்சுகள் பலவற்றில் இவை எவையும் இல்லை. சில, டிஃபரன்ஷியலே இன்றி இரு சக்கரங்களையும் பிணைத்து வருகின்றன. சேற்றில் அது உதவும். வீட்டுத் தரையில் திரும்பும்போதோ, உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு தொலைவைக் கடந்தாக வேண்டும். பிணைத்த அச்சு அதற்கு இடம் தராது. டயர் தேய்கிறது, தண்டு முறுக்கேறுகிறது. உடனே இன்னும் தடித்த அச்சுக்கு அடுத்த ஆர்டர் போகிறது.

இது பிளாஸ்டிக்குக்கான வக்காலத்து அன்று. குடத்தில் கியர்க் குறைப்பும், சாய்ந்தாடும் பொருத்தமும், வேண்டும்போது பூட்டித் திறக்கும் டிஃபரன்ஷியலும் கொண்ட அச்சு மெய்யாகவே மேம்பட்டதுதான். அதை வாங்குபவர் ஒரு காரணத்துக்காக வாங்குகிறார்.

மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று சொல்லும் 475ஆம் குறள் 'வலியறிதல்' அதிகாரத்தில் இருக்கிறது. வள்ளுவர் அங்கே அச்சைக் குறை சொல்லவில்லை. அளவறியாமல் ஏற்றியவனையே குறை சொல்கிறார்.

ஒரு மாணவன் தன் கையால் இயந்திரவியல் கற்க இதைவிட நல்ல பள்ளி அரிது. அப்பள்ளியைப் பணம் கட்டிப் பொட்டலம் பிரிக்கும் பழக்கமாக மாற்றியதுதான் இங்கே நேர்ந்த இழப்பு. முறிந்த துண்டைக் குப்பையில் போடும் முன் அது திருகி முறிந்ததா, வளைந்து முறிந்ததா என்று பாருங்கள். சமையலறைத் தராசில் வண்டியை நிறுத்துப் பாருங்கள். ஓடி முடித்த மோட்டார் கைபொறுக்காமல் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு அச்சை மாற்றலாமா என்று முடிவு செய்யுங்கள்.