கூரியர் காசை யார் கட்டுறது?

கண்டாவளையிலிருந்து ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பேஸ்புக்கில விக்கிற எங்களுக்கு, அமெரிக்காவின் பெட்ஸ் டொட் கொம் தூரத்துக் கதையில்லை. நாய்ச் சாப்பாட்டை வாங்கின விலையிலும் குறைச்சு வித்த கொம்பனி அது. பாரமான மூட்டைகளை வீடுவீடாய் அனுப்புற செலவையும் முழுதாய் அறவிடவில்லை. ஓடர் கூடக்கூட நட்டமும் கூடியது. 2000 பெப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது, அதே நவம்பரில் மூடுவிழா. விளம்பரத்தில வந்த சொக்ஸ் பொம்மையை மட்டும் எல்லாருக்கும் பிடிச்சிருந்தது!

நாங்களும் 'டெலிவரி இலவசம்' எண்டு போட்டு, விழுந்த லைக்கைப் பார்த்துப் பூரிச்சனாங்கள்தான். ஒரு கிலோ மாவைக் கொழும்புக்கு அனுப்பின பிறகு கையில என்ன மிஞ்சினது? இடிச்சு அரிச்ச அம்மாவின்ர கூலியை ஒருத்தரும் கணக்கில சேர்க்கேல்லை. இனி கூரியர் காசை விலைக்குப் பக்கத்திலேயே எழுதப்போறம். ஓடர் குறையும், தெரியும்.