நிற்கத் தெரிந்த வண்டியே ஓடத் தகும்

வேகத்தை விரும்பாத இளமை இல்லை. அதைக் கண்டு அஞ்சாத பெற்றோரும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே நின்று நியாயம் சொல்லுமாறு சங்கத்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கிறான். 1990-ஆம் ஆண்டில் செய்த மாஸ்டா மியாட்டா என்னும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறான். வார நாட்களில் அதிலேயே வேலைக்குப் போகிறான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதையே பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்புகிறான். சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போகிறதாம். “இந்தப் பித்தைத் தடுப்பதா, விட்டுவிடுவதா?” என்பது தந்தையின் கேள்வி.

நாம் ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவர், மெக்கானிக் அல்லோம். ஆயினும், இயந்திரங்களைப் பற்றிப் படிப்பதிலும் பணிமனைக்காரர்களிடம் கேட்டறிவதிலும் நமக்குள்ள ஆசையை இப்பகுதியின் வாசகர்கள் அறிவார்கள். அந்த ஆசையை நம்பியே இம்மாதம் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அந்தக் கார் எத்தகையது என்று பார்ப்போம். 1989 பிப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் ஜப்பானிய மாஸ்டா கம்பெனி அதை வெளியிட்டது. இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய துணிக்கூரை, முன்னே 1.6 லிட்டர் எஞ்சின். அதன் விசை செல்வது பின் சக்கரங்களுக்கு. எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. முற்காலத்து ஆங்கிலேயச் சிறு ஸ்போர்ட்ஸ் கார்களின் சுவையை நம்பகமான இயந்திரத்தோடு தர வேண்டும் என்பதே அதைப் படைத்தவர்களின் நோக்கம். முதல் தலைமுறை 1997 வரை வந்தது. எல்லாத் தலைமுறைகளும் சேர்ந்து பத்து லட்சமாவது கார் 2016 ஏப்ரலில் வெளிவந்தது. 2017-இல் அக்கம்பெனியே முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்து, துணிக்கூரை முதலிய சில உதிரிப் பாகங்களை மீண்டும் செய்ய முன்வந்தது. ஆகவே, பிள்ளை வாங்கியது பழைய இரும்புக் கடைச் சரக்கு அன்று என்பதைத் தந்தை முதற்கண் அறிந்துகொள்ளலாம்.

இனி, கேள்வியின் உயிர்நிலைக்கு வருவோம். ரயில் வண்டியில் பயணிகள் வியந்து பார்ப்பது எஞ்சினை. ரயில்வேக்காரர்கள் முதலில் பார்ப்பது பிரேக்கை. வண்டியின் பிரேக் சரியாக வேலை செய்கிறது என்று பரிசோதகர்கள் எழுதித் தரும் சான்றிதழ் ஒன்று உண்டு; அதில் லோகோ பைலட்டும் டிரெயின் மேனேஜரும் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வண்டி நகராது. ஒரு பாதையில் வேகத்தை உயர்த்த எண்ணினாலும் தண்டவாளம், பாலம், சிக்னல், பிரேக் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே அனுமதி பிறக்கும். பழைய காரைப் பந்தயத் தடத்துக்கு ஆயத்தம் செய்வதிலும் முறை இதுவே. பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதைப் பார்த்தாலே அது பித்தா, பயிற்சியா என்பது விளங்கிவிடும்.

வரிசையில் முதலாவது, வயதினால் தேய்ந்ததைப் புதுப்பித்தல். முப்பது ஆண்டுகளில் இரும்பைவிட ரப்பரே முன்னதாகக் கெடுகிறது. தண்ணீர்க் குழாய்கள் வெடிக்கின்றன. சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்கள் இறுகிப் பிளக்கின்றன. கிளச்சுக்குக் கீழுள்ள சிறு சிலிண்டர் எண்ணெய் கசிகிறது. டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு, அதாவது சுமார் 96,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இந்தக் காருக்கே உரிய வியாதி ஒன்றும் உண்டு. கூரையில் விழும் மழைநீர் இறங்கிச் செல்ல இருக்கைகளுக்குப் பின்னே இரு வடிகால்கள் இருக்கின்றன. இலையும் தூசியும் அவற்றை அடைத்தால், கதவுக்குக் கீழுள்ள தகட்டுப் பெட்டிக்குள் நீர் தேங்கித் துரு அரிக்கும். பளபளக்கும் வர்ணத்தை நம்பி வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். அத்தகடு இற்றுவிட்டால், மற்றவற்றுக்குச் செய்யும் செலவு முழுவதும் வீணே.

இரண்டாவது பிரேக். வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்கு அழிக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் அச்சிறு காரை ஒரு முறை முழுதும் நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், ஏறத்தாழ 2 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாலையில் அவ்வாறு நிறுத்துவது எப்போதோ ஒரு முறை. தடத்திலோ, ஒவ்வொரு சுற்றிலும் பல முறை, ஆறுவதற்கு நேரமின்றிப் பிரேக்கை மிதிக்க நேர்கிறது.

இவ்வெப்பம் பிரேக் ஆயிலைச் சென்று தாக்குகிறது. அந்த எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 என்று குறியிட்ட எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையேனும் கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அவ்வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் அழுத்தத்துக்கு அடங்காது, ஆவியோ அடங்கிவிடும். ஓட்டுபவன் மிதிக்கிறான், பெடல் தரையைத் தொடுகிறது, வண்டி நிற்பதில்லை. சில நூறு ரூபாய் எண்ணெயை மாற்றாமல், ஆயிரக் கணக்கில் செலவிட்டு எஞ்சினைக் கூர்மையாக்குபவன் தன் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான் என்று சொல்வதில் மிகையில்லை. தடத்துக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதை மாற்ற வேண்டும். வெப்பம் தாங்கும் பிரேக் பேடுகளையும் போட வேண்டும். இதே காரின் பிற்கால 1.8 லிட்டர் வகைக்கு முன் பிரேக் தட்டு 235 மில்லிமீட்டரிலிருந்து 255 மில்லிமீட்டராகப் பெருத்தது. அப்பெரிய பிரேக்குகளைக் கழற்றி 1.6 லிட்டர் காரில் பொருத்துவது பலர் கையாளும் நல்ல மாற்றமாகும்.

மூன்றாவது டயரும் சக்கரமும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டை தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் பிடிப்பை இழந்துவிடும். ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர் ஆகியவற்றை மாற்றிக் காரைத் தாழ்த்துவோர் உண்டு. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசைவதற்கு இடமின்றி முட்டி நிற்கும். பார்வைக்குக் கம்பீரம், வளைவில் துள்ளல். நடுத்தரமான ஸ்பிரிங்கும் கவனமான வீல் அலைன்மென்ட்டுமே சாலைக்கும் தடத்துக்கும் பொருந்துவன.

நான்காவது எஞ்சினைக் குளிரச் செய்தல். இந்த எஞ்சின் முன்சக்கரம் இழுக்கும் குடும்பக் கார் ஒன்றுக்காக, குறுக்கே வைக்கும்படி வகுத்த இனத்தைச் சேர்ந்தது. இதில் அதை நெடுக்கே திருப்பி வைத்தபோது, தண்ணீர் நுழைவதும் வெளியேறுவதும் முன்புறத்திலேயே அமைந்தன. அதனால் பின்னுள்ள சிலிண்டர்களுக்குக் குளிர்ச்சி சற்றுக் குறைவு. சாலையில் இது தொல்லை தருவதில்லை. தடத்தில் அதிக விசையோடு ஓட்டுவோர் நல்ல ரேடியேட்டரைப் பொருத்துகிறார்கள். சிலர் தண்ணீர் வெளியேறும் வழியையே பின்புறத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

ஐந்தாவது, நாம் மிகவும் வற்புறுத்துவது, தலைக்குக் காப்பு. திறந்த கார் கவிழ்ந்தால் துணிக்கூரை ஒன்றும் காக்காது. ஆகவே இருக்கைகளுக்குப் பின்னே வளைந்த எஃகுக் குழாயினாலான ரோல் பார் ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது இல்லாமல் இத்தகைய காரை உள்ளே விடாத தடங்கள் பல. ஒன்று இவ்வளவு பயன் தருமானால், சுற்றிலும் குழாய்களை வைத்து முழுக் கூண்டே கட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சாலையும் தடமும் பிரிகின்றன. தடத்தில் தலைக்கவசம் உண்டு. சாலையில் அது இல்லாமல் ஓட்டுகையில் சிறு மோதல் நேர்ந்தாலும், தலைக்கருகே உள்ள அக்குழாய்களே மண்டையை உடைத்துவிடக்கூடும். ஆதலால் முழுக் கூண்டு, தடத்துக்கென்றே ஒதுக்கிய காருக்கு உரியது. வீட்டுக்கும் திரும்ப வேண்டிய காருக்கு, பஞ்சுறை சுற்றிய ரோல் பாரே தக்கது.

எஞ்சினின் விசையைப் பெருக்குவது வரிசையில் கடைசியாக வர வேண்டும். இளைஞர் பலர் அதையே முதலில் செய்கிறார்கள். டர்போ பொருத்தினால் வெப்பம் பெருகும், கிளச் வழுக்கும், 1.6 லிட்டர் காரின் பின்புறத்து டிஃபரன்ஷியல் சிறியதாகையால் உடையவும் கூடும். ஒன்றைக் கூட்டினால் அடுத்தடுத்து நான்கைப் பலப்படுத்த வேண்டிவரும். எடை குறைந்த காரில் குறைந்த விசையோடு வளைவுகளை ஒழுங்காகக் கடக்கக் கற்றவனே பின்னாளில் பெரிய விசையையும் ஆள்வான்.

அன்பருக்கு நம் பதில் இதுவே: தடுக்க வேண்டாம், கேளுங்கள். “பிரேக் ஆயிலை எப்போது மாற்றினாய்? டயருக்கு என்ன வயது? ரோல் பார் உண்டா? ஓட்டுவதற்கு முன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினாயா? தடத்தைவிட்டு வரும்முன் ஒரு சுற்று மெல்ல ஓட்டிப் பிரேக்கை ஆறவிட்டாயா?” என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் பிள்ளை ஒரு தொழிலைக் கற்கிறான் என்று கொள்ளலாம். குதிரைச் சக்தியின் கணக்கு மட்டும் வருமாயின், அப்போது கண்டிக்கலாம். அந்தக் கண்டிப்புக்கும் பொருள் இருக்கும். மேலும், வேகத்தைச் சாலையில் தீர்த்துக்கொள்ளாமல் தடத்தில் தீர்த்துக்கொள்வது நல்ல குணமே. எதிரே லாரி வராத, குழந்தை குறுக்கே ஓடாத இடம் தடம் ஒன்றே.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். முன்னாளில் சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே அமைந்த தடம் இருக்கிறது. தடத்துக்குள் செய்யும் மாறுதல்கள் வேறு, சாலைக்குச் செய்பவை வேறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்று மாறுபடுமாறு பதிவு பெற்ற வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வெளிநாட்டுப் படங்களைக் கண்டு இங்கே அப்படியே செய்யப் புகுந்தால் வண்டியின் பதிவுக்கே ஆபத்து வரலாம்.

ஸ்போர்ட்ஸ் கார் நம் வாசகரில் பெரும்பாலோர் வீட்டில் இல்லை. ஸ்கூட்டரோ, சிறு காரோ இருக்கும். ஆனால் அதன் டயருக்கும் வயது உண்டு. அதன் பிரேக் ஆயிலும் மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுமுன், மூட்டை கட்டுகிற பரபரப்பில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, பணிமனையில் இவ்விரண்டையும் காட்டிவிட்டு வாருங்கள். குடும்பம் முழுவதும் ஏறி அமரப் போகும் வண்டி அது.