நெல்லுக்கும் ஆடிட்டிங் வேண்டும்

2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. அதில் 'கமலா' நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் சம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கியது.

கிரிஸ்பர் கத்தரிக்கு இடம் காட்டும் குறிப்பு 20 எழுத்து. நெல்லின் டி.என்.ஏ. சுமார் 40 கோடி எழுத்து. ஒன்றிரண்டு எழுத்து மாறியிருந்தாலும் கத்தரி அங்கேயும் போய் வெட்டிவிடலாம். அப்படி ஒத்துப்போகும் இடங்களைக் கம்ப்யூட்டரில் தேடலாம்தான். ஆனால் அது ஊகம் மட்டுமே. திருத்திய செடியின் முழு டி.என்.ஏ.வையும் படித்து, திருத்தாத செடியோடு ஒப்பிட வேண்டும். ஏனென்றால் இயற்கையாகவே தலைமுறைதோறும் சில எழுத்துகள் மாறும். எது கத்தரியின் வேலை என்று பிரித்தறிய வேண்டுமே!

வேற்று மரபணு இல்லாத இத்தகைய பயிர்களுக்கு 2022-ல் கடும் விதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. இப்போது சான்று தருவது உருவாக்கும் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவே. அரசுப் பிரதிநிதி ஒருவர் அதில் உண்டு. இருந்தாலும், காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது இன்டர்னல் ஆடிட் மாதிரிதான் தெரிகிறது.

தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. பங்குதாரருக்கு ஆண்டறிக்கை கொடுப்பதுபோல, ஒவ்வொரு ரகத்தின் முழுச் சோதனை முடிவையும் யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள் என்கிறேன். நாளை அம்பை 16 விளையும் நம் தாமிரபரணி வயல்களுக்கும் இந்த விதை வரலாம். சாப்பிடப்போவது நாம்தானே?

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?