கர்ப்பப்பை நீக்கமும் முதுமை நலமும்

கர்ப்பப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை பல பெண்களின் உயிரைக் காத்துள்ளது. புற்றுநோய், அடங்காத உதிரப்போக்கு, பெரிய நார்க்கட்டிகள் முதலியவற்றுக்கு அது தக்க பரிகாரமாகும். ஆயினும், தையல் ஆறியவுடன் அதன் விளைவுகள் முடிந்துவிடுவதில்லை.

2015-16ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூவர் இச்சிகிச்சை பெற்றிருந்தனர். சிகிச்சையின்போது அவர்களது இடைநிலை வயது 34. எனவே, இதன் பின்விளைவுகள் முதுமை வரை நீளக்கூடியவை.

சினைப்பைகளை விட்டுவைத்தால் அவை தொடர்ந்து சுரக்கும். எனினும் சிலருக்கு அவற்றின் இயக்கம் சற்று முன்னரே ஓய்கிறது. மாதவிடாய் இயல்பாக நிற்குமுன் இரு சினைப்பைகளும் எடுக்கப்படின், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் திடீரெனக் குறைகிறது. உடற்கொதிப்பும் உறக்கமின்மையும் விரைவில் தோன்றும். எலும்பு மெலிதலும் இருதய நோயும் பின்னர் வந்தடையக்கூடும். முதுமையில் சிலருக்குப் பிறப்புவழியின் மேற்பகுதி கீழிறங்குவதும், இருமும்போது சிறுநீர் கசிவதும் உண்டு. கர்ப்பப்பையின் கழுத்து எஞ்சியிருப்பின், அதற்குரிய புற்றுநோய்ச் சோதனையும் தொடரவேண்டும்.

ஆகவே, எலும்பு முறிந்தோ நீர்க்கசிவால் நலிந்தோ வரும் மூதாட்டியிடம், எவ்வுறுப்புகள் அகற்றப்பட்டன என்று மருத்துவர் கேட்பது இன்றியமையாதது. “பையை எடுத்துவிட்டார்கள்” என்பதற்கு மேல் பலருக்கு விடை தெரியாது. நாணத்தால் அவர்கள் கேட்பதில்லை. கேளாததால் எவரும் சொல்வதுமில்லை.

தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், தடுப்பது பாதிக் கடமை. சிகிச்சை பெற்றுவிட்டவரைப் பேணுவது மறுபாதி.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எவை எடுக்கப்பட்டன, எவை எஞ்சின, ஏன் எடுக்கப்பட்டன, இனி எவற்றைக் கவனிக்கவேண்டும் என்னும் நான்கு செய்திகளை ஒரு தாளில் எழுதி, வீடு திரும்பும்போதே அளித்தல் போதும். அத்தாள் அவருடைய தாய்மொழியில் இருத்தல் வேண்டும். திருவனந்தபுரத்து ஆரியசாலையில் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்ட ஒரு மூதாட்டிக்கு, ஆங்கிலக் குறிப்பால் யாது பயன்? கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் இதற்கு நேரமேது எனச் சிலர் வினவலாம். நான்கு வரிகள் எழுதச் சில நிமிடங்களே ஆகும். அவை இல்லாத குறையையோ, அப்பெண் தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடும்.