மாவில் வருமா கெட்டி?

கொல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவன் ஒருவனை நிறுத்தி, "இங்கே உனக்கு என்ன குறை?" என்று கேளுங்கள். பாடத்தைப் பற்றிச் சொல்லமாட்டான். "வாய்க்கு உறைப்பாக ஒரு குழம்பு உண்டா இந்த ஊரில்?" என்பதே அவன் முதல் முறையீடு. வங்காளிக்குச் சமைக்கத் தெரியாது என்று தீர்ப்பும் கூறிவிடுவான். நானும் அப்படிக் கூறித் திரிந்தவன்தான்.

காளிகாட்டில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் நால்வர் அடுப்பு மூட்டினோம். லேக் மார்க்கெட் அருகில் இருப்பதால் கறிவேப்பிலைக்கும் புளிக்கும் பஞ்சமில்லை. ஒரு ஞாயிறன்று நண்பர்களை விருந்துக்கு அழைத்துக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைத்தேன். கொதித்தது, மணத்தது, ஆனால் கெட்டியாகவில்லை. அருகே ஓடும் ஆதி கங்கையின் நீரே அதைவிடக் கெட்டி! விருந்தினர் படியேறும் ஓசை கேட்டது. பதறிப்போய் இரண்டு கைப்பிடி மைதாவை அள்ளிப் போட்டேன். விளைவு, குழம்பில் கோலிக்குண்டுகள்!

கீழ்வீட்டு மாஷிமா எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மசாலாவை எவ்வளவு நேரம் வதக்கினாய்?" ஐந்து நிமிடம் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு எங்களைத் தம் சமையலறைக்கே அழைத்தார். காளி கோயிலில் பலியிடும் ஆட்டின் இறைச்சியை இவ்வூரார் சமைக்கும் முறையை அன்று கண்டேன். அது பிரசாதமாதலால் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. அதனால் அதன் பெயரே 'நிராமிஷ் மாங்ஷோ', அதாவது சைவ இறைச்சி! இஞ்சி, சீரகம், பெருங்காயம், தயிர், கடுகெண்ணெய் இவ்வளவே. மாவு இல்லை, தேங்காய் இல்லை. அடி பிடிக்கும்போது சிறிது நீர் தெளித்து, எண்ணெய் பிரியும்வரை கிளறிக்கொண்டே இருந்தார். 'கஷானோ' என்பது அதன் பெயர். ஒன்றரை மணி நேரத்தில் எலும்பையொட்டிய சவ்வு கரைந்து, சாறு தானே திரண்டது.

"எண்ணெய் பிரியும்வரை வதக்கு" என்பது நம் தாய்மாரும் சொல்லும் வாக்கல்லவா? அதைக் கேட்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

கொதிக்கும் குழம்பில் உலர்ந்த மாவை இட்டால், மேற்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே நீர் புகாமல் தடுத்துவிடும். கட்டி தட்டுவது அதனால்தான். மாவு கரைந்தாலும், புளியோடு நெடுநேரம் கொதிக்கும்போது மாவுச்சத்து சிதைந்து மீண்டும் நீர்க்கும். வற்றல் குழம்பை இறக்கும் தறுவாயில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து விடுவது நம் வழக்கமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வெந்த குழம்புக்கு. வேகாத குறையை மறைக்க அன்று. நால்வருக்கு மூன்று மேசைக்கரண்டி தனியாவும் ஒன்று கடலைப்பருப்பும் எட்டு வற்றல் மிளகாயும் வறுத்து அரைத்து, நன்கு வதக்கிச் சிறுதீயில் சுண்டவிட்டால் போதும். மாவே வேண்டாம்.

நம் உறைப்புப் பெருமைக்கும் ஒரு சொல். மிளகாய் அமெரிக்க நாட்டுச் செடி. போர்த்துகீசியர் கொண்டுவந்த பிறகே நம் மண்ணில் வேரூன்றியது. நாம் மிளகை நினைத்து அதற்குப் பெயர் வைத்தோம். வங்காளி அதை 'லங்கா' என்கிறான். இருவருக்கும் அது வந்தேறியே. கடல் கடந்து வந்த காயை வீட்டுப்பிள்ளை ஆக்கிக்கொண்ட நாம், மாடிப்படி இறங்கி அண்டை வீட்டு அடுப்பைப் பார்க்க ஏன் தயங்கவேண்டும்?

நண்பர்களே, மூன்றாண்டு இங்கே வாழ்ந்து, ஒரு வங்காளி வீட்டிலும் உண்ணாமல் பட்டத்தோடு ஊர் திரும்புவோர் நம்மில் பலர். நானும் அவ்வாறே திரும்பியிருப்பேன், குழம்பு நீர்த்துப் போகாதிருந்தால். அடுத்த ஞாயிறு மாஷிமா எங்கள் மாடிக்கு உண்ண வருகிறார். காரக்குழம்புதான். மைதாவை ஒளித்துவைத்துவிட்டேன்.